பியர் சிபாரிசு பண்றவங்களே, அளவையும் சேர்த்துச் சொல்லுங்க!

கொஞ்சம் நீளமான பதிவு. படிச்சிட்டுத் திட்டணும்னா தாராளமா திட்டுங்க. ஆனா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

நாங்க கோயில் தொண்டர்கள். தண்ணீர்ப் பந்தல்ல மோர் ஊத்துறது, காவடிக்கு வழிவிடச் சொல்லி கயிறு பிடிக்கிறது, திருவிழாவுக்கு மறுநாள் காலையில குப்பை அள்ளுறது, இதெல்லாம் எங்க வேலை. குப்பை அள்ளுறவனுக்கு ஊரோட ரகசியம் எல்லாம் தெரியும். யாரு என்ன குடிச்சாங்க, எங்க ஒளிஞ்சு குடிச்சாங்க, எத்தனை குடிச்சாங்கன்னு எங்க பிளாஸ்டிக் பை சொல்லும். முன்னெல்லாம் சம்சு போத்தல், ஸ்ட்ராங் பியர் கேன். இப்ப அதோட சேர்த்து வண்ண வண்ணமா படம் போட்ட கேன்களும் வருது. கிராஃப்ட் பியர். சின்ன ஆலைகள்ல தனித்தனி ருசிக்குக் காய்ச்சுற பியர்.

கொஞ்ச நாளா எங்க புலனக் குழுவுலயும் ஒரு பட்டியல் சுத்துது. 'வாழ்க்கையில ஒரு தடவையாவது குடிச்சுப் பார்க்க வேண்டிய பத்து ஐபிஏ.' ஐபிஏன்னா இந்தியா பேல் ஏல். ஒவ்வொன்னுக்கும் மாம்பழ வாசம், பைன் மர வாசம், நாக்குல எப்படி இறங்கும்னு அழகா நாலு வரி. கீழே நூறு பேர் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்லியிருக்காங்க. 'இதுல இந்தியாங்கிற பேரே இருக்கு, இது நம்ம பியர்'னு ஒரு தம்பி பெருமை வேற.

பத்து பியருக்கும் ருசி எழுதின அந்தப் பட்டியல்ல ஒன்னு மட்டும் இல்லை. எத்தனை சதவீதம் ஆல்கஹால், எத்தனை மில்லி, குடிச்சிட்டு வீட்டுக்கு எப்படிப் போறது? ஒரு வார்த்தை கிடையாது.

எங்க சண்டை அதோட மட்டும்தான். குடிக்கவே கூடாதுன்னு நாங்க சொல்ல வரலை. எங்கள்லயே விரதம் இல்லாத நாள்ல குடிக்கிறவங்க இருக்காங்க. நல்ல ஐபிஏவுக்கும் மட்டமான பியருக்கும் வித்தியாசம் தெரிஞ்சவங்களும் இருக்காங்க. 2017-ல கோலாலம்பூர்ல நடக்க இருந்த பெட்டர் பியர் விழாவுக்கு மாநகராட்சி அனுமதி மறுத்தப்போ நாங்க யாரும் கை தட்டலை. பெரியவங்க அவங்க காசுல குடிக்கிறதைத் தடுக்கிறது எங்க வேலை இல்லை. ஆனா குடிக்கச் சொல்றவன் அளவையும் சொல்லியாகணும். மருந்துக்கடைக்காரர் 'இது நல்ல மாத்திரை'ன்னு மட்டும் சொல்லிட்டு எத்தனை போடணும்னு சொல்லாம அனுப்பினா சும்மா விடுவீங்களா?

முதல்ல அந்த 'இந்தியா' கதை

இந்தியாங்கிற பேரு இருக்கிறதால அது நம்ம பியர் ஆயிடாது. கதையைக் கேளுங்க.

18-ஆம் நூற்றாண்டோட கடைசியில கிழக்கு லண்டன்ல போ என்ற இடத்துல ஹாட்ஜ்சன்னு ஒருத்தரோட பியர் ஆலை இருந்துச்சு. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிக்கிற துறை பக்கத்துலயே. கப்பல் கேப்டன்களுக்கு அவர் கடனுக்குப் பியர் கொடுத்தார். அவங்க அதை மாசக்கணக்கா கடல்ல கொண்டுபோய் கல்கத்தாவுலயும் மதராஸ்லயும் பம்பாய்லயும் வித்தாங்க. வெயில் நாட்டுக்குப் போற பியர் கெடாம இருக்க ஹாப்ஸ் அதிகம் போட்டாங்க. ஹாப்ஸ்ங்கிறது ஒரு கொடியோட பூ. பியருக்குக் கசப்பும் வாசமும் அதுலதான் வருது. கெட்டுப்போகாம காக்கிறதும் அதுதான். ஹாட்ஜ்சன்தான் இதைக் கண்டுபிடிச்சார்னு சொல்றது கட்டுக்கதை. வெயில் நாட்டுக்கு அனுப்புற பியருக்கு ஹாப்ஸ் கூடப் போடணும்ங்கிறது 1760-கள்லயே ஆலைக்காரங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்.

அப்புறம் 1820-கள்ல பர்ட்டன் ஊர் ஆல்சாப், பாஸ் ஆலைகள் அந்த வியாபாரத்துல நுழைஞ்சாங்க. பர்ட்டன் தண்ணியில ஜிப்சம் அதிகம். அது ஹாப்ஸோட கசப்பை நல்லா தூக்கிக் காட்டும். இந்தியா பேல் ஏல்ங்கிற பேரு விளம்பரத்துல பரவலா வந்தது 1830-கள்ல.

இதை யாரு குடிச்சாங்க? கம்பெனி அதிகாரிகள், வெள்ளைக்கார கனவான்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கே பெரும்பாலும் கறுப்பு போர்ட்டர்தான். துறைமுகத்துல அந்தப் பீப்பாயைத் தோள்ல தூக்கின நம்ம ஆளுக்கு அதுல ஒரு சொட்டும் எழுதி வைக்கலை. 'இந்தியா'ங்கிறது அந்தப் பியர் போய்ச் சேர வேண்டிய விலாசம். காய்ச்சினவன் பேரும் இல்லை, குடிச்சவன் பேரும் இல்லை.

இப்ப கடையில விக்கிற ஐபிஏவுக்கும் அந்தக் கப்பல் பியருக்கும்கூட ஒட்டு உறவு ரொம்பக் குறைவு. இங்கிலாந்துல போரும் வரியும் சேர்ந்து பியரோட வீரியத்தைக் குறைச்சு, ஐபிஏ ஒரு சாதாரண பியரா தேஞ்சு போச்சு. திரும்ப உயிர் கொடுத்தது அமெரிக்கா. 1972-ல காஸ்கேட்னு ஒரு ஹாப்ஸ் ரகம் அங்க வெளிவந்துச்சு. எலுமிச்சை, சாத்துக்குடி மாதிரி வாசம். 1975-ல சான் பிரான்சிஸ்கோ ஆங்கர் ஆலை அதை வெச்சு லிபர்ட்டி ஏல் காய்ச்சினாங்க. 1980-கள்ல சியரா நெவாடா பேல் ஏல் அந்த ருசியை ஊரெல்லாம் பரப்புச்சு. 1994-ல கலிபோர்னியாவுல வின்னி சிலுர்சோ டபுள் ஐபிஏ காய்ச்சினார். அப்புறம் வெர்மான்ட் மாநிலத்துல இருந்து கலங்கலா, பழச்சாறு மாதிரி இருக்கிற ரகம் கிளம்புச்சு. இன்னைக்குப் பட்டியல் போடுற தம்பிங்க குடிக்கிறது பெரும்பாலும் அந்த அமெரிக்கப் பேரப்பிள்ளையைத்தான்.

ஆக, பேரைப் பார்த்துப் பெருமைப்பட எதுவும் இல்லை. ருசி பிடிச்சா ருசிக்காகக் குடிங்க. பாரம்பரியத்தை இழுக்காதீங்க.

இப்ப கணக்குக்கு வருவோம்

ஒரு சின்னக் கணக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடும். மில்லியை சதவீதத்தால பெருக்குங்க, நூறால வகுங்க, 0.8-ஆல பெருக்குங்க. உங்க உடம்புக்குள்ள போற சுத்த ஆல்கஹால் எத்தனை கிராம்னு வந்துடும்.

சாதாரண பியர், 320 மில்லி கேன், 5 சதவீதம்: சுமார் 13 கிராம்.

ஐபிஏ, 330 மில்லி, 6.5 சதவீதம்: சுமார் 17 கிராம்.

டபுள் ஐபிஏ, 440 மில்லி, 8 சதவீதம்: சுமார் 28 கிராம்.

இம்பீரியல் ஸ்டவுட், 330 மில்லி, 10 சதவீதம்: சுமார் 26 கிராம்.

மலிவான ஸ்ட்ராங் பியர், 500 மில்லி, 8 சதவீதம்: 32 கிராம்.

கடைசியில இருக்கிறதையும் டபுள் ஐபிஏவையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒன்னு ஏர்கான் போட்ட இடத்துல முப்பது வெள்ளிக்கு மேல கொடுத்து, கால் வெச்ச கண்ணாடிக் கிளாஸ்ல வாசம் பிடிச்சுக் குடிக்கிறது. இன்னொன்னு கெடாய் ரன்சிட் பின்பக்கம் பழைய நாற்காலியில உட்கார்ந்து குடிக்கிறது. ஈரலுக்கு நாற்காலி வித்தியாசம் தெரியாது. நாலு கிராம் வித்தியாசம், அவ்வளவுதான். ஆனா நாம என்ன பண்றோம்? முதல் ஆளுக்கு 'பியர் ரசிகர்'னு பேரு வைக்கிறோம். ரெண்டாவது ஆளுக்கு 'குடிகாரன்'னு பேரு வைக்கிறோம். முதல் ஆள் போடுற பட்டியலுக்கு நன்றி சொல்றோம். ரெண்டாவது ஆள் கோயில் வாசல்ல நின்னா விரட்டுறோம்.

இதைத்தான் நாங்க பொறுத்துக்க மாட்டோம். அளவுகோல் ஒன்னுதான் இருக்கணும். பணக்காரன் குடிக்கு ஒன்னு, கூலிக்காரன் குடிக்கு ஒன்னுன்னு ரெண்டு அளவுகோல் வெச்சிருந்தது தோட்டத்துத் துரைங்க காலம்.

இன்னொன்னும் சொல்லணும். அந்தக் கலங்கல் ஐபிஏ இருக்கே, அதுல கசப்பு குறைவு, மாம்பழம், பேஷன் பழம் மாதிரி வாசம், வாயில மெத்துன்னு இருக்கும். எட்டு சதவீதம்னு நாக்குக்குத் தெரியவே தெரியாது. பழக்கமில்லாத பிள்ளை ஜூஸ் மாதிரி நாலு குடிச்சா 112 கிராம். சாதாரண பியர்ல கிட்டத்தட்ட ஒன்பது கேன். ஒன்பது கேன் குடின்னு யாராவது பட்டியல் போடுவாங்களா? போட்டா விடுவோமா? 'நாலு டபுள் ஐபிஏ ருசி பார்த்தேன்'னு போட்டா மட்டும் ஏன் இதயக் குறி போடுறோம்?

நம்ம தாத்தாக்கள் எதுக்குச் சண்டை போட்டாங்க?

இந்த நாட்டுல தொண்டர்ங்கிற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கு. பல பேருக்கு மறந்து போச்சு.

துரைக்கு கிளப், கூலிக்குக் கள்ளுக்கடை. அதுதான் தோட்ட காலம். எஸ்டேட்லயே கள்ளுக்கடை இருக்கும். சம்பளம் கொடுத்த கையே அதைத் திரும்ப வாங்கிக்கும். 1941-ல கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் பண்ணாங்க. ஆர். எச். நாதன் முன்னால நின்ன போராட்டம். கூலி உயர்வு கேட்டாங்க, துரையைப் பார்த்தா சைக்கிளை விட்டு இறங்கணும்ங்கிற கேவலத்தை நிறுத்தச் சொன்னாங்க, அதோட கள்ளுக்கடையை மூடச் சொன்னாங்க. வயிற்றுப் பிரச்சினையையும் மானப் பிரச்சினையையும் கள்ளுப் பிரச்சினையையும் ஒரே தாள்ல எழுதிக் கேட்டாங்க.

போர் முடிஞ்சதும் கெடாவுல தொண்டர் படை எழுந்துச்சு. பெடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்துல ஏ. எம். சாமி தலைமையில தோட்டத்துப் பையன்கள் சேர்ந்து கள்ளுக்கடை மறியல் பண்ணாங்க. 1947-ல போலீஸோட மோதல் வந்து ஒரு தொழிலாளி உயிரே போச்சு. நாம இன்னைக்குக் கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு 'தொண்டர்'னு சொல்றோமே, அந்தச் சொல்லுக்கு இவ்வளவு விலை கொடுத்திருக்காங்க.

அவங்க எதிர்த்த கள்ளுல ஆல்கஹால் எத்தனை? புதுக் கள்ளுல பெரும்பாலும் 4, 5 சதவீதம்தான். இப்ப பட்டியல்ல இருக்கிற பத்து ஐபிஏவும் அதைவிட வீரியம் அதிகம். தாத்தாக்கள் ருசி சரியில்லைன்னு மறியல் பண்ணலை. அளவு தெரியாம குடிச்சு, கூலி கரைஞ்சு, வீட்டுல அடுப்பு எரியலைன்னுதான் பண்ணாங்க.

கள்ளுக்கு அப்புறம் சம்சு வந்துச்சு. தோட்டத்துக் குடும்பங்களை அது என்ன பண்ணுச்சுன்னு எந்தத் தமிழ் வீட்டுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 செப்டம்பர்ல சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடிச்சுப் பல பேர் செத்தாங்க. அதுல நிறையப் பேர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அந்த வாரம்கூட நம்ம ஆட்கள் சில பேர் 'மலிவு சரக்கு குடிச்சா அப்படித்தான்'னு எழுதினாங்க. மலிவா குடிச்சது அவங்க குற்றமா? வசதி இருந்தா அவங்களும் முப்பது வெள்ளி கேன் வாங்கியிருப்பாங்க.

நீங்க கேக்கப்போற கேள்விகள்

'கிராஃப்ட் பியர்ல ரசாயனம் இல்லை, உடம்புக்கு நல்லது.'

எந்த ஆலையில காய்ச்சினாலும் ஆல்கஹால் அதே ஆல்கஹால்தான். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லயே மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்குற முதல் வகுப்புல சேர்த்துடுச்சு. 2023 ஜனவரியில உலக சுகாதார நிறுவனம், ஆபத்தே இல்லாத அளவுன்னு ஒன்னு மதுவுல கிடையாதுன்னு அறிவிச்சது. ருசிக்குக் குடிக்கிறேன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறோம். உடம்புக்குக் குடிக்கிறேன்னு சொல்லாதீங்க.

'முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் நீங்களே பியர் போத்தல் வெச்சுப் படைக்கிறீங்களே?'

ஆமா, சில கோயில்கள்ல படைக்கிறோம். சுருட்டும் வைக்கிறோம். காவல் தெய்வத்துக்குப் படையல் வைக்கிற முறை நம்ம பாட்டன் காலத்துல இருந்து வருது. அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவங்களோட எங்களுக்குப் பேச்சு இல்லை. ஆனா படையல்ல ஒரு போத்தல் வைக்கிறதுக்கும், படையல் முடிஞ்சதும் அந்தச் சாக்குல பின்னால ஒரு பெட்டி காலி பண்றதுக்கும் சம்பந்தம் இல்லை. சாமி கேட்டது ஒன்னு. மீதி இருபத்து மூணும் யாரு கேட்டது?

'வெளிநாட்டுக்காரன் நம்ம சாமி படத்தை பியர் போத்தல்ல போடுறான், அதைக் கேளுங்க முதல்ல.'

கேக்கிறோம். அமெரிக்காவுல லாஸ்ட் கோஸ்ட் ஆலை இண்டிகா ஐபிஏ லேபிள்ல பிள்ளையாரைப் போட்டாங்க. 2012-ல போர்ட்லண்ட் ஊர் பர்ன்சைட் ஆலை காளி மான்னு பேரு வெச்சு ஒரு பியர் விட இருந்தாங்க. இந்திய நாடாளுமன்றம் வரைக்கும் பேச்சு போய், வெளியீட்டைத் தள்ளிவெச்சாங்க. சாமி படம் குப்பைத்தொட்டிக்குப் போற போத்தல்ல இருக்கக் கூடாதுன்னு நாங்களும்தான் சொல்றோம். ஆனா கவனிங்க. லேபிள்ல சாமி இருந்தா நமக்கு ரத்தம் கொதிக்குது. ரதத்துக்கு முன்னால ஒருத்தன் தள்ளாடிக்கிட்டு உறுமி மேளத்துக்கு ஆடுனா, 'விடுங்கண்ணே, நம்ம பையன்தான்'னு சொல்றோம். எந்த அவமானம் பெரிசு? ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற லேபிளுக்கு மனு எழுதுற கை, பக்கத்துல நிக்கிற தம்பியோட காடிச் சாவியை வாங்கி வைக்க மட்டும் ஏன் நீள மாட்டேங்குது?

காடிச் சாவி

இதைத் தனியா சொல்லியாகணும். 2020 அக்டோபர் 23-ல இருந்து இந்த நாட்டுல சட்டம் மாறிடுச்சு. முன்ன 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம் வரைக்கும் விட்டாங்க. இப்ப 50. குடிச்சிட்டு ஓட்டி மாட்டினா முதல் தடவையே 10,000 வெள்ளியில இருந்து 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. ஆளைக் கொன்னுட்டா 10-ல இருந்து 15 வருஷம் உள்ளே.

உடம்பு ஒரு மணி நேரத்துல கரைக்கிறது ஏறக்குறைய 7-ல இருந்து 10 கிராம் ஆல்கஹால். காபி குடிச்சாலும், முகம் கழுவினாலும், மாமாக் கடையில மீ கோரிங் சாப்பிட்டாலும் அது வேகமாகாது. ஒரு டபுள் ஐபிஏ கேன் கரைய மூணு, நாலு மணி நேரம். ரெண்டு கேன் குடிச்சவன் ராத்திரி பதினொன்னுக்கு எழுந்தா, விடியற வரைக்கும் அவன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. பட்டியல் போட்டவங்களே, இந்த ஒரு வரியை உங்க பட்டியலுக்குக் கீழே போட்டிருந்தா எத்தனை அம்மாக்கள் உங்களைக் கும்பிடுவாங்க தெரியுமா?

சரி, பட்டியல் போட்டே ஆகணுமா? இப்படிப் போடுங்க

சும்மா குறை சொல்லிட்டுப் போக நாங்க வரலை. எங்கள்ல பியர் தெரிஞ்ச அண்ணன்கள் சேர்ந்து போட்ட பட்டியல் இது. ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல அளவு இருக்கு. இருபத்தொரு வயசு நிரம்பினவங்களுக்கு மட்டும். சட்டமும் அதான்.

ஐபிஏ எப்படி இருக்கும்னு முதல்முறையா பார்க்கிறவங்களுக்கு ஃபவுண்டர்ஸ் ஆல் டே ஐபிஏ. 4.7 சதவீதம். 355 மில்லியில 13 கிராம்தான், சாதாரண கேன் அளவு. ஹாப்ஸ் வாசம் முழுசா கிடைக்கும். இந்த மாதிரி வீரியம் குறைஞ்ச ரகத்துக்கு செஷன் ஐபிஏன்னு பேரு. கடையில அந்தச் சொல்லைத் தேடுங்க.

எல்லாம் எங்க இருந்து ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சுக்க சியரா நெவாடா பேல் ஏல். 5.6 சதவீதம், 355 மில்லியில 16 கிராம். காஸ்கேட் ஹாப்ஸ் வாசம்னா என்னன்னு இதுல புரியும்.

இங்கிலாந்துக்காரங்க புதுசா காய்ச்சுற விதத்துக்கு தார்ன்பிரிட்ஜ் ஆலையோட ஜெய்ப்பூர் ஐபிஏ. 2005-ல இருந்து வருது. 5.9 சதவீதம், 330 மில்லியில 16 கிராம். பேருல மறுபடியும் நம்ம ஊர்! காய்ச்சுறது டெர்பிஷயர்ல.

நல்ல கசப்பு வேணும்னா லகுனிடாஸ் ஐபிஏ. 6.2 சதவீதம், 355 மில்லியில 18 கிராம். ஒன்னு போதும்.

ஐபிஏ கசப்பு பிடிக்கலைன்னா ஜெர்மனியோட வைஹென்ஸ்டெஃபானர் கோதுமை பியர். வாழைப்பழம், கிராம்பு வாசம் வரும். நம்ம காரச் சாப்பாட்டுக்கு ஐபிஏவைவிட இது பொருந்தும். கசப்பு அதிகமான பியர் காரத்தைத் தூக்கிவிடும். 5.4 சதவீதம், ஆனா போத்தல் அரை லிட்டர். 22 கிராம். ரெண்டு பேர் பிரிச்சுக்குங்க.

டபுள் ஐபிஏவும் இம்பீரியல் ஸ்டவுட்டும் வாங்கணும்னா ஒரு கேனுக்கு நாலு கிளாஸ் வைங்க. ஆளுக்கு 110 மில்லி. ருசி தெரிய அதுக்கு மேல தேவையே இல்லை. ரசிகன்னு சொல்றவன் ருசிதானே பார்க்கிறான்?

குடிக்காதவங்களுக்கும், விரதத்துக்குத் தயாராகுறவங்களுக்கும், காடி ஓட்டுறவங்களுக்கும் ஹாப்ஸ் வாசத்தோட ஆல்கஹால் கிட்டத்தட்ட இல்லாத ஐபிஏ இருக்கு. லகுனிடாஸ் ஐபிஎன்ஏ, பிரூடாக் பங்க் ஏஎஃப் ரெண்டும் 0.5 சதவீதம். விரதம் தொடங்கிட்டா அதுவும் வேண்டாம். தண்ணீர்ப் பந்தல் மோரே போதும்.

வாங்கும்போது ஒன்னு பாருங்க. கேன் அடியில அடைச்ச தேதி இருக்கும். ஐபிஏவோட உயிரே ஹாப்ஸ் வாசம். அது நாளாக ஆக, சூடு பட பட ஓடிப்போயிடும். மூணு மாசத்துக்கு மேல ஆனதையும், குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே நம்ம வெயில்ல அடுக்கி வெச்சதையும் வாங்காதீங்க. மாசக்கணக்கா கப்பல்ல வந்தும் கெடாத பியர்னு பேரு வாங்கினது, இன்னைக்கு ஒரு மதிய வெயில் தாங்காது. நாற்பது வெள்ளி கொடுத்து வாசம் போன கசப்புத் தண்ணி குடிக்கிறது ரசனை இல்லை, ஏமாளித்தனம்.

கடைசியா ஒரு மடத்துச் சங்கதி. பெல்ஜியத்துல கிறிஸ்துவத் துறவிகள் மடத்துலயே பியர் காய்ச்சுறாங்க. வெஸ்ட்மாலே மடத்தோட டிரிப்பல் உலகப் புகழ், 9.5 சதவீதம். ஆனா அந்தத் துறவிகள் தங்களோட சாப்பாட்டுக்குன்னு காய்ச்சுனது வேற. 5 சதவீதத்துக்கும் கீழே. வெளியே எவ்வளவு வீரியமா வித்தாலும் பிரார்த்தனைக்கு எழுந்திருக்க வேண்டியவனுக்கு எது தாங்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அடுத்த மதத்துக்காரங்ககிட்ட இருந்து ஒரு நல்ல விஷயம் எடுத்துக்கிறதுல நமக்கு ஒன்னும் குறைஞ்சிடாது.

எங்க முடிவு

இனிமே எங்க தொண்டர் குழுவுல இதுதான் நடைமுறை. கொடியேத்தத்துல இருந்து திருவிழா முடியற வரைக்கும் எந்த மதுப் பட்டியலும் குழுவுல வரக் கூடாது. ஐபிஏவும் கூடாது, சம்சு ஜோக்கும் கூடாது. குடிச்சிட்டு வந்தவன் யாரா இருந்தாலும் காவடி தூக்க முடியாது, ரதத்துக் கயிறைத் தொட முடியாது. கமிட்டித் தலைவரோட மருமகனா இருந்தாலும் சரி, கெடாய் பின்னால உட்கார்றவனா இருந்தாலும் சரி, ஒரே பேச்சு. யாரையும் அடிக்கவோ படம் பிடிச்சுப் போடவோ மாட்டோம். ஓரமா உட்கார வெச்சு, தண்ணி கொடுத்து, வீட்டுக்கு போன் போட்டு, ஆள் வர்ற வரைக்கும் கூட இருப்போம். விரட்டிவிட்டா அவன் நேரா காடியைத்தான் எடுப்பான்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை யாராவது 'இந்த பியரைக் குடிச்சுப் பாருங்க'ன்னு எழுதினா, ருசியைப் பாராட்டுங்க. அப்படியே கீழே மூணு கேள்வி கேளுங்க. எத்தனை மில்லி? எத்தனை சதவீதம்? வீட்டுக்கு யாரு ஓட்டுறா?

பதில் சொல்றவர் பியர் தெரிஞ்சவர். பதில் சொல்லாதவர் இலவசமா விளம்பரம் பண்றவர்.

சரின்னு பட்டா பகிருங்க. தப்புன்னு பட்டா, தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில ஆறு மணிக்குக் கையுறை போட்டுக்கிட்டு எங்களோட குப்பை அள்ள வாங்க. அங்க பேசிக்கலாம்.

முருகன் துணை.